சகலனும் மீன் தலையும்

என் மனைவியின் தங்கையைக் கட்டியவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடிக்கும்வரை எனக்கு வயிறு எரியத்தான் போகிறது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம்.

பெயர் வேண்டாம். அவன் பெயரைச் சொல்ல எங்கள் வீட்டில் ஆட்பஞ்சம் இல்லை. மாமி ஒருவரே காலைத் தேத்தண்ணிக்கும் மத்தியானச் சோற்றுக்கும் இடையில் பத்துத் தடவை சொல்லிவிடுவார். எனக்கு அவன் சகலன். நான் மூத்த மருமகன், அவன் இளையவன். நான் இந்த வீட்டுக்குள் வந்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவன் வந்தான். அந்த ஒன்பது வருடமும் நான் ஒரு குறையும் இல்லாத மருமகனாக இருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாதபடியால்தான் அப்படி இருந்தேன் என்பது பிறகுதான் விளங்கியது.

அவனிடம் சொல்லும்படியாக இருந்தது ஒரே ஒரு குணம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கேட்பான். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரிப்பான். ஒரு கண்ணைச் சுருக்குவான். "எனக்கு உது தெரியாது, ஒருக்காச் சொல்லித் தாங்கோ" என்பான். பதில் வந்து முடியும்வரை எதிரில் நிற்பவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். அவ்வளவுதான். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்து ஆம்பிளைகளோடு பழகியிருந்தால் கேட்கமாட்டீர்கள். "தெரியாது" என்பது உயிர் போனாலும் எங்கள் வாயில் வராத சொல். நெடுஞ்சாலையில் பிழையான திசையில் முக்கால் மணித்தியாலம் கார் ஓட்டுவோம், மனுசி "கேளுங்கோவன்" என்று கத்தினாலும் கேட்கமாட்டோம். நான் அதில் பட்டம் பெற்றவன். யார் எதைச் சொன்னாலும் "ஓம் ஓம், தெரியும்" என்று தலையாட்டிவிடுவேன். சொல்பவர் பாதியில் நிறுத்திவிடுவார். மீதிப் பாதி என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாத விஷயங்கள் எத்தனையோ உண்டு.

என் கல்யாண வீடியோவில் அதற்குச் சாட்சி இருக்கிறது. அம்மியில் காலை வைத்துப் பெண்ணுக்கு மெட்டி போடும்போது எந்த விரலில் என்று ஐயர் சொன்னார். நான் தலையாட்டிவிட்டுப் பெருவிரலில் போட்டு இழுபட்டேன். பெண்ணே குனிந்து விரலைக் காட்ட வேண்டியதாயிற்று. சகலனின் கல்யாணத்தில் அவன் மணவறையில் இருந்துகொண்டு, "ஐயா, எனக்கு உது தெரியாது, இந்த அம்மி ஏன் வைக்கிறது?" என்று கேட்டான். சபை சிரித்தது. ஐயரோ சிரிக்கவில்லை. இருபது வருடமாகக் கனடாவில் கல்யாணம் செய்து வைக்கிறேன், ஒரு மாப்பிள்ளையும் இதைக் கேட்டதில்லை என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லி, விளக்கத் தொடங்கிவிட்டார். முகூர்த்தம் தப்பப் போகிறது என்று பெண்ணின் மாமன் வந்து காதுக்குள் சொல்லும்வரை நிறுத்தவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பற்றித்தான் பேசினார்கள். கறி பரிமாற ஓடித்திரிந்த என்னை ஒருவர் "தம்பி, தண்ணி" என்று கூப்பிட்டார்.

பிறகு வேலை. பிறம்ரனில் நான் வேலை செய்த வெயர்ஹவுஸில் அவனைச் சேர்த்துவிட்டது நான்தான். ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் அவன் குடியிருந்த கட்டடம் என் கட்டடத்துக்கு அடுத்தது. காலையில் என் காரிலேயே வருவான். அங்கே போயும் கேள்விதான். அவனுடைய ஆங்கிலம் மூன்று சொல்: வை, வாட், ஷோ மீ. எனக்கு அவனைவிட நல்ல ஆங்கிலம் தெரியும். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் எனக்கு மானம் போனது. ஒருநாள் பெரிய மனேச்சரைப் பிடித்து, ஏழாம் கதவுக்கு வரும் ட்ரக்குகள் மட்டும் ஏன் எப்போதும் பிந்துகின்றன என்று கேட்டான். யாரும் அதைக் கேட்டதில்லை, மனேச்சரும் யோசித்ததில்லை. இரண்டரை வருடத்தில் அவன் சூப்பவைசர். நான் அப்போதும் ஃபோர்க்லிஃப்டில் இருந்தேன். "அண்ணை, உங்களுக்கு ஏலுமெண்டால் ஏழாம் கதவுக்குப் போறீங்களோ?" என்று கேட்பான். கட்டளையைக்கூடக் கேள்வியாகத்தான் கேட்பான். அதட்டியிருந்தால் மன்னித்திருப்பேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது மீன் தலை.

மாமி எங்களோடுதான் இருக்கிறார். சனிக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் சாப்பாடு. மாமியின் மீன் குழம்பில் தலை யாருடைய சோற்றுக் கோப்பைக்குப் போகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. முன்பு மாமாவுக்கு. மாமா போன பிறகு எனக்கு. வருடக்கணக்காக ஒவ்வொரு சனியும் தலையைச் சாப்பிட்டு, "நல்லாயிருக்கு மாமி" என்று சொல்லிவந்தேன். சகலன் வந்த மூன்றாவது சனிக்கிழமை எழுந்து குசினிக்குள்ளேயே போய்விட்டான். "மாமி, எனக்கு உது தெரியாது, உந்தப் புளியை எப்ப விடுறனீங்கள்?" என்று கேட்டான். மாமி ஒரு மணித்தியாலம் சொன்னார். ஊரில் தன் தாயார் மீன் வாங்கிய இடம், சட்டி, அடுப்பு, மாமாவின் கோபம் எல்லாம் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அடுத்த சனிக்கிழமை தலை அவனுடைய கோப்பையில் இருந்தது. மாமி வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது என்று மனைவி சொன்னாள். கை தானாகப் போனதுதானே எனக்குக் கோபம்.

ஸ்டீல்ஹெட் கதை இங்கேதான் தொடங்குகிறது. அது பெரிய ஏரிகளில் வளர்ந்து குளிர்காலத்தில் ஆற்றுக்குள் ஏறி வரும் மீன். வெள்ளி நிறம், பக்கவாட்டில் மெல்லிய ரோசாக் கோடு. மூன்று குளிர்காலமாக நான் அதன் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடையில் ஏரிக்கரையில் நின்று கையளவு மீன் பிடித்ததுதான் என் அனுபவம். ஆனால் ஒன்றில், ஒரே ஒன்றில், நான் சகலனுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஆற்றுக்குக் கூட்டிப்போய்ப் பிடிக்கக் காட்டும் கைட் ஒருவரை இணையத்தில் தேடிப் பிடித்துப் பதிந்தேன். படிவத்தில் "அனுபவம்" என்று கேட்டிருந்தது. "நிறைய" என்ற பெட்டியில் சரி போட்டேன். அதன்பின் வந்த நீண்ட மின்னஞ்சலை நான் முழுதாக வாசிக்கவில்லை.

கைட் இரண்டு பேராகத்தான் கூட்டிப்போவாராம். மனைவி சொன்னாள்: "இஞ்சாருங்கோ, தங்கச்சியின்ரை மனுசனைக் கூட்டிக்கொண்டு போங்கோவன். அதுவும் பாவம், வேலையும் வீடுமாக் கிடக்குது."

வேறு யாரைக் கேட்டும் மாசி மாதத்துக் குளிரில் ஆற்றுக்குள் இறங்க ஒருவரும் வரவில்லை. அவனைத்தான் கேட்டேன். சந்தோசத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மாமிக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். "மாமி, வாற சனிக்கிழமை நீங்கள் மீன் வாங்க வேண்டாம். நான் கொண்டு வாறன்." மாமி பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சுவது என்று முடிவெடுத்து, நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி எல்லாம் வாங்கி, இளைய மகளின் மச்சாள் குடும்பத்தையும் கூப்பிட்டுவிட்டார்.

விடிய முன்னமே புறப்பட்டு இரண்டரை மணித்தியாலம் மேற்கே ஓடி, ஆற்றங்கரையில் கைட்டைச் சந்தித்தோம். உயரமான வெள்ளைக்காரர், தாடியில் பனி ஒட்டியிருந்தது. தன் வான் வண்டிக்குள் வைத்து மார்புவரை வரும் ரப்பர் உடுப்பைத் தந்தார். முன்பு பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"மெனி டைம்ஸ்" என்றேன் நான்.

சகலன் தலையைச் சரித்தான். "நோ. நெவர். ஐ டோன்ட் நோ நத்திங். யூ ஷோ மீ" என்றான். கைட் சிரித்து அவனுடைய தோளில் தட்டினார்.

தண்ணீருக்குள் இறங்க முன்னம் கைட் நிறையச் சொன்னார். தூண்டில் தடியில் நூல் ஓடுகிற வளையங்களில் ஐஸ் பிடிக்கும் என்று தொடங்கினார். "யா யா, ஐ நோ" என்றேன். மீன் இழுத்தால் என்று தொடங்கினார். "ஐ நோ" என்றேன். மனுசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் நல்லது என்று சொல்லி, ஆற்றிலேயே நல்ல ஆழமான மடுவுக்கு என்னைக் கூட்டிப்போய் விட்டார். உங்களுக்கு என்ன செய்வதென்று தெரியும்தானே, நான் உங்கள் நண்பரோடு நிற்கிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டார். நல்ல இடம் எனக்கு. கைட் அவனுக்கு. இதைப் பங்கீடு என்று சொல்வதா, தண்டனை என்று சொல்வதா?

இளஞ்சிவப்பு வலைத்துணியில் மீன் முட்டைகளைப் பொட்டலமாகக் கட்டிக் கொளுவி, செம்மஞ்சள் மிதவையைத் தண்ணீரில் விட்டேன். நீரோட்டத்தோடு அது போகும். முடிந்ததும் இழுத்து மறுபடி மேலே விடுவது. மூன்று மணித்தியாலம் இதேதான். கரையோரம் ஐஸ் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. கால்விரல்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கீழே ஐம்பது அடி தள்ளி இரண்டு பேரும் கதைக்கிற சத்தம் விடாமல் வந்தது. "வை? வை?" என்பான். கைட் சொல்வார். இருவரும் சிரிப்பார்கள். ஒருமுறை கைட் சட்டைப் பையிலிருந்து உதட்டுக்குப் பூசும் மெழுகுக் குச்சியை எடுத்து, சகலனுடைய தடியின் வளையங்களில் ஒவ்வொன்றாகப் பூசினார். பிறகு தடியின் நுனியைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்துக் காட்டினார். இதென்ன தடிக்கு உதட்டுச்சாயம் பூசுகிற விளையாட்டு என்று நினைத்தேன். ஐம்பது அடி நடந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானா?

அப்போது என் மிதவை சட்டென்று உள்ளே போனது.

தடியைத் தூக்கினேன். ஐயோ, அந்தப் பாரம்! கையிலிருந்து தோள்வரை ஏறியது. மீன் ஆற்றின் நடுவுக்கு ஓடியது, சக்கரம் சுற்றியது, நூல் பாய்ந்தது. ஒருமுறை தண்ணீருக்கு மேலே எழும்பி விழுந்தது. அதைப் பார்த்தேன். என் கை நீளம், முழுக்க வெள்ளி. "தம்பி, இஞ்சை பாரும், இஞ்சை பாரும்!" என்று கத்தினேன். அவனைப் பார்க்கச் சொல்லிக் கத்தினேனே தவிர, கைட்டைக் கூப்பிடவில்லை. மீன் இரண்டாம் முறை ஓடியபோது நூல் ஓடவில்லை. எங்கேயோ இறுகி நின்றது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். தடி நிமிர்ந்துவிட்டது.

கைட் ஓடி வந்து என் தடியின் நுனியைப் பிடித்துப் பார்த்தார். கடைசி வளையம் முழுக்க ஐஸ் அடைத்து, கொண்டைக்கடலை அளவில் இருந்தது. பெருவிரலால் அதை உடைத்துக் காட்டினார்.

"ஐ நோ" என்றேன். வாய் பழகிவிட்டது.

அரை மணித்தியாலம் கழித்து, "அண்ணை! அண்ணை!" என்று கீழேயிருந்து சத்தம். சகலனின் தடி வளைந்து நின்றது. "வாட் நௌ? வாட் நௌ?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்த மீனைப் பிடித்தான். விடு என்றால் விட்டான், சுற்று என்றால் சுற்றினான். கைட் வலையை அடியில் கொடுத்துத் தூக்கினார். என்னுடையதைவிடச் சின்னது. சத்தியமாகச் சின்னதுதான், அதை யாரும் நம்பப்போவதில்லை.

"அண்ணை, வாங்கோ! நீங்கள் ஒரு பக்கம் பிடியுங்கோ. ரெண்டு பேரும் நிண்டு ஒரு படம் எடுப்பம்!"

"நீர் எடும். நான் இதிலை ஐஸ் உடைக்கிறன்."

கைட் தன் ஃபோனில் படம் எடுத்தார். பதிந்தவர் என்றபடியால் படத்தை எனக்கு அனுப்புவதாகச் சொன்னார். பிறகு சகலன் கேட்டானே ஒரு கேள்வி: இந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? இல்லை, என் பயணங்களில் பிடிப்பதெல்லாம் திரும்ப ஆற்றுக்குத்தான், மின்னஞ்சலில் எழுதியிருந்தேனே என்றார் கைட். சகலன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஓம் ஓம், எனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் மீனை வாலடியில் பிடித்து, தண்ணீரில் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, அது தானாக உதறிப் போகும்வரை குனிந்து நின்றான். அப்படிப் பிடிப்பது ஏன் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டான். நான் வானுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

திரும்பி வரும் வழியில் மாமியின் அழைப்பு. "தம்பி, ஒடியல் மா ஊறப்போட்டாச்சு. இவையளும் வந்திட்டினம். மீன் பெரிசோ?"

"ஓம் மாமி."

சொல்லிவிட்டேன். அடுத்த சொல் வாய்க்கு வரமுன்னம் மாமி மகிழ்ச்சியோடு ஃபோனை வைத்துவிட்டார். ஸ்காபரோவுக்குள் வந்ததும் காரை மீன்கடைக்குத் திருப்பினேன். பக்கத்தில் ரோசாக் கோடு உள்ள முழு ட்ரவுட் ஒன்றைக் காட்டினேன். கடைக்காரர் விளங்காமல் பார்த்தார். "அண்ணை, உதைக் கூழுக்கோ? நல்ல விளைமீன் வந்திருக்கு, அதை எடுங்கோவன்."

"வேண்டாம். உதுதான்."

காருக்குள் ஏறியதும் சொன்னேன். "வீட்டை நான் சொல்லுறதுக்கு நீர் மாறி ஒண்டும் சொல்லாதையும்."

"ஓம் அண்ணை" என்றான். ஏன் என்று கேட்கவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "அண்ணை, கைட் சொன்னவர், ஸ்டீல்ஹெட்டும் இதுவும் ஒரே இனம்தானாம். ஒண்டு ஏரிக்குப் போட்டு வாறது, மற்றது போகாதது" என்றான். என்னை ஆறுதல்படுத்துகிறானாம். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மாமி மீனைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வயிறு கிழித்துத் துப்புரவாக இருப்பதைக் கண்டு, "உதென்ன, கிழிச்சோ தாறவை?" என்றார். பிறகு நேரே கேட்டார். "ஆர் பிடிச்சது?"

குசினி வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

"அண்ணை கொண்டந்தது மாமி" என்றான் சகலன். "அண்ணை இல்லாட்டி இண்டைக்கு மீனில்லை." அதில் ஒரு பொய்யும் இல்லை.

அன்று கூழில் மிதந்த தலை என் கோப்பைக்கு வந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்த தலை. "பிடிச்ச கைக்கு" என்று சொல்லி மாமி அகப்பையால் தூக்கி வைத்தார். சகலன் இறாலைக் கடித்தபடி, உண்மையான சந்தோசத்தோடு என்னைப் பார்த்தான். உறைப்பு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதன்பிறகு ஒவ்வொரு சனியும் தலை எனக்குத்தான்.

மூன்றாம் நாள் படம் வந்தது. சகலன் நடுவில் நின்று மீனை ஏந்திக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். பின்னால், தூரத்தில், ரப்பர் உடுப்பில் ஒரு முதுகு. அது நான். அந்தப் படத்தை நான் அவனுக்கு அனுப்பவில்லை. மனைவியோ மாமியோ கண்டால் கதை கந்தலாகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி, அவனுக்கு அந்தப் படம் கிடைக்கக்கூடாது என்பது. அவ்வளவு கேவலமான எண்ணம் எனக்குள் இருந்தது, இருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து ஒரு பிறந்தநாள் விழாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கடலையைக் கொறித்துக்கொண்டு கேட்டான். "அண்ணை, அந்தாள் படம் அனுப்பினவரோ?"

"இல்லை. மறந்திட்டார்போலை."

"ஆ. சரி அண்ணை" என்றான். முழுப் பதிலும் வரும்வரை முகத்தைப் பார்க்கிறவன், அன்று கடலைத் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது அது வசதியாக இருந்தது.

அடுத்த வருடம் அவர்கள் எட்மன்ரனுக்குப் போய்விட்டார்கள். அங்கே வீடு மலிவு, வேலையும் நல்லது என்று யாரையோ கேட்டு அறிந்திருந்தான். வழியனுப்பிவிட்டு வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்ததைச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் காரில் பக்கத்து ஆசனம் வெறுமையாகக் கிடக்க, பிறம்ரனுக்கு ஓடுகிற அந்த நெடுஞ்சாலை எவ்வளவு நீளம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

போன வருடம் அவனுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. எட்மன்ரனுக்கு எல்லோரும் போனோம். மாமி விமானத்திலேயே பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, "இவர் என்ரை மூத்த மருமகன், ஐஸ் தண்ணிக்குள்ளை இறங்கி மீன் பிடிக்கிறவர்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். சடங்கன்று காலை சனம் கூடிவிட்டது. கராஜிலிருந்து மடக்குக் கதிரைகள் எடுத்து வரும்படி மைத்துனி என்னை அனுப்பினாள்.

கதிரைகளுக்குப் பக்கத்துச் சுவரில் நாலு தூண்டில் தடிகள் சாத்தியிருந்தன. நல்ல தடிகள். ஆக, விடாமல் போகிறான். கீழே தூண்டில் பெட்டி. திறக்காமல் விட்டிருக்கலாம், என் குணம் விடவில்லை. மூடியின் உட்பக்கத்தில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. மீன், அவனுடைய பல், என் முதுகு. ஓரங்கள் ஈரம் பட்டுச் சுருண்டிருந்தன. புதிதாக ஒட்டியது இல்லை.

"அண்ணை, கதிரை கிடைச்சுதோ?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தவன், திறந்திருந்த மூடியைக் கண்டு நின்றான்.

"உது எப்ப கிடைச்சது?" என்று கேட்டேன்.

"அண்டைக்கே அண்ணை. நீங்கள் வானுக்கை போய் இருந்தனீங்கள். நான் அந்தாளிட்டைக் கேட்டனான். என்ரை ஃபோனுக்கு அப்பவே அனுப்பினவர்."

கேட்காமல் இருந்திருப்பானா? எல்லாவற்றையும் கேட்பவன் இதைக் கேட்டு வாங்கியிருப்பான் என்று எனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை?

"தங்கச்சிக்குத் தெரியுமோ?"

"இல்லை அண்ணை. உந்தப் பெட்டியை ஆரும் திறக்கிறேல்லை."

வெளியே நாதஸ்வர இசையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தி. பிறந்தநாள் வீட்டில் கடலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

"அப்ப, படம் வந்ததோ எண்டு பிறகேன் என்னட்டைக் கேட்டனீர்?"

தலையைச் சரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கவில்லை. குனிந்து இரண்டு கைகளிலும் கதிரைகளைக் கோத்து எடுத்துக்கொண்டான்.

"தெரியாது அண்ணை" என்றான், கதிரைகளைப் பார்த்து.

அவனுடைய "தெரியாது" எனக்கு நன்றாகத் தெரியும். ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். இவ்வளவு காலத்தில் அவன் சொன்ன பொய்த் தெரியாது அது ஒன்றுதான். பெட்டியை மூடிவிட்டு நானும் நாலு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அடுத்த நாள் மத்தியானம் வீட்டாட்கள் மட்டும். மாமி மீன் குழம்பு வைத்திருந்தார். வழக்கம்போல அகப்பை தலையோடு என் கோப்பையை நோக்கி வந்தது. நான் கோப்பையைக் கையால் மூடினேன்.

"மாமி, தலையை அவருக்கு வையுங்கோ."

அகப்பை நடுவில் நின்றது. "ஏன் தம்பி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மனைவி பார்த்தாள், மைத்துனி பார்த்தாள், நேற்று சாமத்தியம் நடந்த பிள்ளையும் பார்த்தது. சொல்வதற்கு நல்ல நேரம் அதுதான். வசனம்கூட வாயில் தயாராக இருந்தது. சகலன் சோற்றைக் குழைப்பதை நிறுத்திவிட்டுத் தலையை மெல்ல இடப்பக்கம் சரித்தான்.

"தெரியாது மாமி" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த முதல் தெரியாது அது. மாமி என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, தலையை அவனுடைய கோப்பையில் வைத்தார். அண்ணை, நீங்களும் கொஞ்சம் எடுங்கோ என்று ஒரு பேச்சுக்காவது சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கன்னத்துச் சதை, கண், மூளை, ஒன்றும் விடாமல் உறிஞ்சிச் சாப்பிட்டு, விரலையும் சூப்பினான். எனக்கு வயிறு எரிந்தது.